தேயாத பிரேக்

சைக்கிள் வைத்திருப்போரே, இனிமேல் வாங்கப்போவோரே, சைக்கிள் வருவதைக் கண்டு ஓரமாக ஒதுங்கி நிற்போரே! அனைவரும் செவிசாய்த்துக் கேட்பீராக. மலை சைக்கிள்களுக்கான மலிவு விலை டிஸ்க் பிரேக் ஒன்று, நிறுத்துகருவித் தர ஆய்வு மையத்தின் தேய்மானச் சோதனையில் ஒரு மயிரிழைகூடத் தேயாமல் தேறி, 'வைரத் தரம்' என்ற உச்சச் சான்றிதழைப் பெற்றிருக்கிறது. மையத்தின் வரலாற்றில் இதற்குமுன் எந்தப் பொருளும் தேயாமல் இருந்ததில்லை. இந்தச் சாதனையைப் போற்றும் வகையில் ஊழியர்கள் அனைவரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். பிறகு உட்கார்ந்தார்கள். அன்றைய வேலை அத்துடன் முடிந்தது.

இந்த அறிவிப்பு வானொலியில் வாசிக்கப்பட்ட அதே நேரத்தில், அதே பிரேக் பூட்டிய சைக்கிளில் மலைச்சாலையின் கடைசி வளைவை நோக்கி வந்துகொண்டிருந்த ஒரு நர்ஸ், இரண்டு லீவர்களையும் கைப்பிடியோடு ஒட்டும்வரை அழுத்தியும் வண்டி நிற்காததால், வழக்கம்போல் மணல் குவியலில் போய் விழுந்தாள்.

வழக்கம்போல் என்ற சொல்லைத் தயவுசெய்து கவனிக்கவும்.

வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ்களுக்குச் சுகாதாரத் துறை கொடுத்த சைக்கிள் அது. வேலை மலையில், ஆகவே மலை சைக்கிள் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். அந்த இடத்தில் அவருக்குத் தேநீர் வந்திருக்க வேண்டும். அதற்குமேல் யோசித்ததற்கான தடயம் எதுவும் வண்டியில் இல்லை.

மேலே ஏறும்போது அந்த பிரேக்கைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. இறங்கும்போதுதான் அதன் குணம் தெரியும். முதல் வளைவில் பிடிக்கும். இரண்டாவது வளைவில் யோசிக்கும். அதன்பிறகு சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தகடு கொதித்து, தீய்ந்த வாடை ஒன்று எழும். கேபிள் தளர்ந்து லீவர் கைக்குள் துவண்டு விழும். டிஸ்க்கின் இருபுறமும் நகக்கண் அளவுக்கு இரண்டு பேட்கள் உண்டு. அவற்றில் ஒன்றுதான் நகர்ந்து வந்து டிஸ்க்கை அழுத்தும். மற்றது பணி நிரந்தரமானவரைப்போல் இருந்த இடத்திலேயே இருக்கும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். ஊருக்கே கேட்கும்படி கீச்சென்று கத்தும், வேகம் மட்டும் குறையாது. கத்தியதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் பிரேக் அது.

ஆகவே நர்ஸ்கள் செருப்பை ஊன்றி நிறுத்தினார்கள். செருப்பும் கைவிட்டால் கடைசி வளைவில் மணல் இருந்தது. அங்கே யாரோ வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி முதலில் திட்டினார், பிறகு பழகிவிட்டார். "அந்தப் பக்கமா விழும்மா, இது சலிச்ச மணல்" என்று கையைக் காட்டி வழிநடத்தும் அளவுக்குப் பழகிவிட்டார்.

அன்று விழுந்த நர்ஸுக்கு ஓர் அக்கா. அவளும் அதே வேலை, அதே சைக்கிள், வேறு தெரு. சாயங்காலம் தங்கை முகவாயில் பிளாஸ்திரியோடு வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசலிலேயே மறித்தாள்.

"தையலா?"

"தையல்தான். நானே கண்ணாடி பாத்துப் போட்டுக்கறேன்னு சொன்னேன், டாக்டர் விடமாட்டேன்னுட்டாரு."

"சிரிக்காதடி. தையல் பிரிஞ்சுடும்."

"அழுதாலும் பிரியும்க்கா. அதுக்குச் சிரிச்சுட்டே போறேன்." தங்கை செருப்பை உதறினாள். வலது குதிகால் பக்கம் தேய்ந்து செருப்பே இல்லை. "ஒரு விஷயம். மணல் கொறைஞ்சுட்டே வருது. உள்பூச்சு முடிஞ்சு வெளிப்பூச்சுக்கு வந்துட்டாங்க. அடுத்த வாரம் மிச்சத்தக் கூட்டி அள்ளிடுவோம்னு மேஸ்திரி சொல்றாரு. பாவம், அவருக்கே வருத்தம்."

"மணலுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"சுவரு."

அக்கா அந்தச் செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "வண்டியத் தள்ளிக்கிட்டு நடந்து எறங்கேன்."

"எறங்கினேனே. சூப்பர்வைசரம்மா அன்னிக்கு ஆப்சென்ட் போட்டுட்டாங்க. சைக்கிள் குடுத்தும் நடக்கறது துறையை அவமானப்படுத்தறதாம். இன்னொரு தடவ நடந்தா வேலையே இல்லைங்கறாங்க."

மறுநாள் அக்கா விடுப்பு போட்டுவிட்டு, தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆய்வு மையத்துக்குப் போனாள். அவளுக்குப் பெரிய கோரிக்கை எதுவும் இல்லை. மணல் தீர்வதற்குள் பிரேக் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

மையம் பார்க்கப் பெரிய கட்டடம். தரை முழுவதும் வழவழவென்று பளிங்கு. நடந்து போகிறவர்களே வழுக்கி விழாமல் இருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நின்றால் நிற்கும் தரை அல்ல அது. வரவேற்பில் இருந்தவர் கேட்டார்:

"பிரேக் பிடிக்கலன்னு புகாரா? பிரேக் தேஞ்சு போச்சுன்னு புகாரா?"

"தேஞ்சு போனதால பிடிக்கலைங்க."

"ரெண்டும் ஒண்ணா வராதும்மா. ரெண்டும் வேற வேற மாடி."

கீழ்மாடியில் செயல்திறன் பிரிவு. அதன் தலைவர் கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்கவிட்டிருந்தார். அக்காவின் சைக்கிளை வாங்கி, கூடத்தின் நடுவில் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார்கள். ஒரு உதவியாளர் ஹெல்மெட், முழங்கால் உறை, முழங்கை உறை எல்லாம் மாட்டிக்கொண்டு நின்ற சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். கூடம் அமைதியானது. தலைவர் கையை உயர்த்தினார். உதவியாளர் லீவரை அழுத்தினார். தலைவர் ஸ்டாப் வாட்ச்சை அமுக்கினார், உடனே மறுபடியும் அமுக்கினார்.

"நின்னுடுச்சு! நேரமே ஆகல!"

நாலு பேர் கைதட்டினார்கள்.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "சார், வண்டி ஓடவே இல்லையே."

"அம்மா, பிரேக்கோட வேலை என்ன?"

"வண்டிய நிறுத்தறது."

"வண்டி இப்ப என்ன பண்ணுது?"

"நிக்குது."

"அப்பறம் வேற என்னதான் வேணும் உங்களுக்கு?"

"ஓட்டிப் பாத்தா தெரியும் சார். சரிவுல விட்டுப் பாத்தா இன்னும் நல்லாத் தெரியும்."

தலைவர் அவளைப் பரிவோடு பார்த்தார். "முன்னெல்லாம் ஓட்டிப் பாத்துட்டுதான் இருந்தோம். ஒருநாள் ஓட்டினவர் பிரேக்க அழுத்து அழுத்துன்னு அழுத்தி, நேரா போய் எங்க முதல் இயக்குநர் படத்துல மோதிட்டார். கண்ணாடி தூள்தூளாப் போச்சு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டோம், ஓடற சைக்கிள இனிமே சோதிக்கறதில்லன்னு. பாதுகாப்பு முக்கியம் இல்லையா?"

"எங்களுக்கும்தான் சார் முக்கியம்."

"சந்தோஷம். அந்த உணர்வு எல்லாருக்கும் வரணும்" என்று சொல்லி, சைக்கிளின் பின்புறம் 'தேர்ச்சி' என்று ஓர் ஒட்டுவில்லை ஒட்டினார்.

மேல்மாடியில் நீடித்துழைப்புப் பிரிவு. இங்கே சக்கரம் சுற்றியது. அக்காவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஒரு மோட்டார் புது பிரேக் பூட்டிய மாதிரிச் சக்கரம் ஒன்றைச் சுழற்ற, ஓர் இரும்புக்கை லீவரை அழுத்தி அழுத்தி விட்டது. ஆனால் அதற்குமுன் ஓர் ஊழியர் வந்து, கையிலிருந்த துணியை எண்ணெயில் நனைத்து, டிஸ்க்கை இருபுறமும் ஆசையாகத் துடைத்தார். குழந்தைக்குத் தலை சீவிவிடுவதுபோல் அத்தனை பொறுமை. எண்ணெய் வழிந்து பேட் வரை இறங்கியது.

"ஐயோ, என்ன சார் இது, பிரேக்குல போய் எண்ணெய் போடறாரு!"

"பளபளப்புப் படி" என்றார் பிரிவுத் தலைவர். அவர் கையில் மயிரிழையையும் அளக்கும் ஒரு கருவி இருந்தது. "போன மழைக்காலத்துல ஒரு பெரிய விருந்தினர் சுத்திப் பாக்க வந்தார். டிஸ்க்குல லேசா துரு. மூக்கைச் சுளிச்சார். அவர் மூக்கச் சுளிச்சத இந்த மையம் இன்னிக்கு வரைக்கும் மறக்கல. அதுலேர்ந்து எண்ணெய் போடாம எந்த டிஸ்க்கையும் நாங்க தொடறதில்ல. எங்க இயக்குநர் இதுல முகம் பாத்துதான் தலை வாருவார்."

மோட்டார் ஓடியது. இரும்புக்கை லீவரை நெரித்தது. சக்கரம் அதைச் சட்டைகூடச் செய்யாமல் காற்றாடிபோல் சுற்றிக்கொண்டே இருந்தது. நெரித்தது, சுற்றியது, நெரித்தது, சுற்றியது. ஒரு வழியாக மோட்டாரை அணைத்தார்கள். அணைத்தபிறகும் சக்கரம் சுற்றியது. தலைவர் பேட்டைக் கழற்றி அளந்து, கண்ணில் நீர் ததும்ப நிமிர்ந்தார்.

"ஒரு துளிகூடத் தேயல!"

"நிக்கவே இல்லையே சார்!"

"நிக்கறது கீழ்மாடி. இங்க தேய்மானம் மட்டும்தான்."

"நிக்கலன்னா அப்பறம் அது எப்படி சார் தேயும்?"

தலைவர் அப்படியே நின்றார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். "அதேதான்! அதேதான்! எத்தனை பேருக்கு வெளக்கியிருப்பேன், ஒருத்தருக்கும் ஏறல. நீங்க ஒரே வாக்கியத்துல சொல்லிட்டீங்க!"

அக்கா பையிலிருந்து தன் பழைய பேட்களை எடுத்துக் காட்டினாள். இரும்பு தெரியும்வரை தேய்ந்திருந்தன. அவர் அளந்தார். முகம் இறுகியது.

"நீங்க பிரேக்கப் பிடிச்சிருக்கீங்க."

"பிடிக்காம?"

"அதான் தேஞ்சிருக்கு. உபயோகக் கோளாறு."

இயக்குநரைப் பார்க்கவேண்டும் என்று அக்கா பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் உள்ளே விட்டார்கள். இயக்குநர் எழுந்து ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். முக்கியமானவர்கள் ஜன்னலோடுதான் பேசுவார்கள்.

"ஒலகத்துல எல்லாமே தேயுது. மலை தேயுது, கடல் கரைய அரிக்குது, மனுஷன் தேயறான். தேயாத ஒண்ண, ஒரே ஒண்ண, நாங்க கண்டுபிடிச்சு வைரத் தரம் குடுத்திருக்கோம். நீங்க என்னடான்னா அது நிக்கலன்னு ஒரு சின்ன விஷயத்தத் தூக்கிட்டு வந்திருக்கீங்க."

"சின்ன விஷயம் இல்ல சார். என் தங்கச்சி. இத்தன நாள் மணல்ல விழுந்துட்டிருந்தா. அடுத்த வாரம் மணல் இருக்காது."

"மணல் எங்க வரம்புல வராது. கட்டுமானப் பொருள் ஆய்வு மையம்னு ஒண்ணு இருக்கு, அங்க கேட்டுப் பாருங்க."

அக்கா குனிந்தாள். வலது கால் செருப்பைக் கழற்றி, இயக்குநரின் கண்ணாடி மேசைமேல், பேனாக்களுக்கு நடுவில் வைத்தாள்.

"எங்க மலையில பிரேக் இதுதான் சார். இது தேயுது. ஏன்னா இது வேல செய்யுது. குடுக்கறதா இருந்தா இதுக்குக் குடுங்க ஒங்க வைரத்த."

இயக்குநர் மணியடித்தார். ஓர் ஊழியர் வந்தார். "மேசையத் தொடச்சிடுப்பா" என்றார் இயக்குநர். எண்ணெய்த் துணியோடுதான் அவர் வந்திருந்தார். மேசை பளபளத்தது.

புகாருக்குப் பலன் இல்லாமல் போகவில்லை. சில நாளில் சுற்றறிக்கை வந்தது. மலைப்பகுதி நர்ஸ்களின் பேட்கள் தேய்வதாக அறிந்து மையம் மிகுந்த கவலை கொண்டிருக்கிறது. இனி மையத்தின் முறைப்படியே தினமும் காலையில் டிஸ்க்குகளுக்கு எண்ணெய் இட வேண்டும். இதற்கென ஒவ்வொரு நர்ஸுக்கும் புதிய பேட்களும் ஒரு புட்டி எண்ணெயும் ஒரு மஞ்சள் துணியும் வழங்கப்படும்.

சூப்பர்வைசரம்மா நர்ஸ்களை வரிசையாக நிற்க வைத்து எண்ணெய் போட வைத்தார். விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது காஞ்சிருக்கே? இன்னும் போடு."

"மேடம், எண்ணெய் போட்டா சுத்தமா பிடிக்காது மேடம்" என்றாள் அக்கா.

"மையமே சொல்லியிருக்கு. மையத்த விட ஒனக்கு ஜாஸ்தி தெரியுமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். ஒரு தடவ நீங்க ஏறி எறங்கிப் பாருங்களேன்."

"எனக்கு ஜீப் இருக்கு" என்றார் சூப்பர்வைசரம்மா. அதில் ஒளிவுமறைவே இல்லை.

தெருமுனை திரும்பியதும் நர்ஸ்கள் பையிலிருந்து புண் துடைக்கிற ஸ்பிரிட்டை எடுத்து டிஸ்க்கைத் துடைத்தார்கள். டிஸ்க் சுத்தமானது. பேட் மட்டும் குடித்த எண்ணெயைத் திருப்பித் தரவில்லை. வாரக் கடைசியில் ஸ்பிரிட் ஏன் இவ்வளவு செலவாகிறது என்று அவர்களுக்கு மெமோ வந்தது. அதே வாரம் மேஸ்திரி மணலைக் கூட்டி அள்ளி, இடத்தைப் பெருக்கி, தண்ணீரும் தெளித்துவிட்டுப் போனார். கடைசி வளைவில் புதுச்சுவர் வெள்ளையடித்து நின்றது.

அந்தச் சுத்தமான இடம் மையத்தாரின் கண்ணில் பட்டது. அறைக்குள்ளேயே சோதிக்கிறார்கள் என்ற அவப்பெயரை ஒரேயடியாகத் துடைத்தெறிய, வைரத் தர பிரேக்கின் நேரடி விளக்க விழாவை அங்கேயே நடத்துவது என்று முடிவானது. மேடையைச் சுவரோடு ஒட்டி, சரிவைப் பார்த்தபடி போட்டார்கள். சைக்கிள் நேராக வருவதை எல்லோரும் நன்றாகப் பார்க்கலாம் அல்லவா! ஓட்டிக் காட்ட தங்கை தேர்ந்தெடுக்கப்பட்டாள். அவள் முகவாயில் இருந்த தையல், கருவியோடு அவளுக்கு நெடுநாள் பழக்கம் உண்டு என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

விழாவன்று காலை அக்கா இயக்குநரிடம் போனாள்.

"சார், மேடைய அந்த ஓரமாத் தள்ளிப் போடுங்க."

"ஏன்?"

"வண்டி இங்கதான் வரும்."

"வரட்டும். வந்து நிக்கும்."

"நிக்கலன்னா?"

"வைரத் தரம், அம்மா" என்றார் இயக்குநர், அவளுக்குக் காது கேட்காது என்பதுபோல் உரக்க.

அக்கா திரும்பினாள். சரிவில் மேலே ஏறிப் போய், சைக்கிளோடு காத்திருந்த தங்கையின் காதில் ஏதோ சொன்னாள். கீழே வந்து மற்ற நர்ஸ்களின் காதிலும் சொன்னாள். அவர்கள் மேடைக்கு முன்னால், நடுச்சாலையில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

இயக்குநர் பேச எழுந்தார். இரண்டு பிரிவுத் தலைவர்களும் அவருக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் சூப்பர்வைசரம்மா.

"நம்பிக்கை! ஒரு பிரேக்குக்கு முதல் தேவை நம்பிக்கை. இந்த பிரேக்கை நம்பி என் உயிரையே ஒப்படைப்பேன். என் பிள்ளைகளின் உயிரையும் ஒப்படைப்பேன். கண்ணை மூடிக்கொண்டு இதன் எதிரே நிற்பேன். ஏனென்றால் இது சாதாரண பிரேக் அல்ல, இது..."

மேலே, வளைவுக்கு அப்பால், சைக்கிள் மணி அடித்தது. கிணிகிணிகிணியென்று விடாமல் அடித்தது. நெருங்கி வந்தது.

நீடித்துழைப்புப் பிரிவுத் தலைவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினார். செயல்திறன் பிரிவுத் தலைவர் எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்து இவர் ஓடினார். இவர் ஓடியதைப் பார்த்து அவர் குதித்தார். சூப்பர்வைசரம்மா மேடையின் அடியில் இருந்த இடுக்கில் புகுந்தார். "இது..." என்று பாதியில் நின்ற இயக்குநர், மைக்கைக் கையோடு இழுத்துக்கொண்டு சாலையோரச் சாக்கடையில் பாய்ந்தார். "நிறுத்து! வண்டிய நிறுத்து!" என்று சாக்கடைக்குள்ளிருந்து அவர் கத்தியது ஒலிபெருக்கி வழியாக மலையெங்கும் கேட்டது.

நடுச்சாலையில் உட்கார்ந்திருந்த நர்ஸ்களில் ஒருத்தியும் அசையவில்லை.

வளைவில் தங்கை வந்தாள். நடந்து வந்தாள். ஒரு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மறுகைக் கட்டைவிரலால் மணியை அடித்துக்கொண்டே வந்தாள். மேடைக்கு எதிரே ஸ்டாண்ட் போட்டாள்.

"மேடையில யாரையும் காணோமேக்கா?"

"சாக்கடையில இருக்காங்க. கூப்பிடு."

"சார், வண்டி நின்னுடுச்சு. வெளிய வாங்க."

இயக்குநர் கரையேறினார். இடுப்புக்குக் கீழே கறுப்பாக இருந்தார். அக்கா அவருக்கு எதிரே போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"எதுக்கு சார் ஓடினீங்க? வைரத் தரம்னீங்களே."

"ஓடல. பார்வைக் கோணத்த மாத்திக்கிட்டோம்."

"ஒங்களுக்கு மாத்திக்க ஒரு சாக்கடையாவது இருந்துச்சு. என் தங்கச்சிக்குச் சுவருதான் சார் இருக்கு."

அதற்கு இயக்குநர் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் நீடித்துழைப்புப் பிரிவுத் தலைவர் அளக்கும் கருவியோடு சைக்கிள் அருகில் மண்டியிட்டு, "தேயல! கொஞ்சம்கூடத் தேயல!" என்று கூவினார். செயல்திறன் பிரிவுத் தலைவர் சைக்கிளைச் சுற்றி வந்து, அது நிற்கிறது என்று எழுத்துமூலம் உறுதி செய்தார். இரண்டு மாடிகளும் ஒரே பொருளைப் பற்றி ஒரே நாளில் ஒத்துப்போனது அதுவே முதல்முறை. இயக்குநர் கண்ணீர் மல்க மேடையேறினார். இடுப்புக்கு மேலே மட்டும் தெரியும்படி படம் எடுத்தார்கள்.

அடுத்த வாரம் புது உத்தரவு வந்தது. மலைச்சரிவுகளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து இறங்குவதே இந்த பிரேக்கின் முழுத்திறனும் வெளிப்படும் முறை என்று நேரடிச் சோதனையில் நிரூபணமாகியிருப்பதால், நர்ஸ்கள் அனைவரும் இனி அவ்வாறே இறங்க வேண்டும். ஏறி ஓட்டி இறங்குவோர்மீது நடவடிக்கை எடுக்கப்படும். எண்ணெய் தொடரும். இந்த முறையைக் கண்டறிந்ததற்காக இயக்குநருக்கு விருது கிடைத்தது. சூப்பர்வைசரம்மாவுக்குப் புது ஜீப் கிடைத்தது. கடைசி வளைவுச் சுவரில் 'தேயாத பிரேக் நிரூபிக்கப்பட்ட இடம்' என்று கல் பதித்தார்கள். தங்கையின் தையலைப் பிரித்தார்கள்; அதைப் பற்றி அறிக்கையில் எதுவும் இல்லை.

நடந்து இறங்குவதால் வேலை நேரம் முடிவதற்குள் திரும்ப முடியவில்லை. அதனால் நர்ஸ்கள் போக வேண்டிய தெருக்களின் பட்டியலில் கடைசியில் இருந்த மேல்தெருவை நீக்கிவிட்டார்கள்.

மேல்தெருவுக்கு இப்போது நர்ஸ் போவதில்லை.